ஏழு விநாடி மௌனத்தை நீக்கக் கோரி

மதிப்புக்குரிய பேராசிரியர் துங் அவர்களுக்கு,

கீலுங் துறைமுகச் சந்தில் சலவைக் கடை வைத்திருக்கும் கான் ஷு-மிங் பணிவுடன் எழுதிக்கொள்வது. ஓயாத இந்த மழையில் தாங்களும் வீட்டாரும் சளி, இருமல் இல்லாமல் இருக்க வேண்டுகிறேன்.

தங்கள் மாணவி சியென் ரோ-யுன், சிறுகடைத் தம்பதிகளின் வாழ்வனுபவத்தை ஆராய்வதாகச் சொல்லி ஆறு வாரமாக என் கடையில் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். கேள்வித்தாள் கிடையாது. நான் சட்டையை மடித்தாலும் எழுதுகிறாள், மடிக்காவிட்டாலும் எழுதுகிறாள். எதிர்க் கடைக்காரன் அனுப்பிய ஆளோ என்று சந்தேகப்பட்டேன். அதைவிட மோசம் ஐயா. செவ்வாய்க்கிழமை, நான் பேசியதையெல்லாம் தட்டச்சு செய்து, சரிபார்க்கச் சொல்லி வீட்டில் கொடுத்துவிட்டுப் போனாள். என் மனைவி யூ-சியா முதலில் படித்துவிட்டாள். மணவாழ்க்கையில் சந்தோஷமா என்ற கேள்விக்கு நான் 'சந்தோஷம்தான்' என்று சொன்னது இருக்கிறது. அதற்கு முன்னால் அடைப்புக்குறிக்குள் 'ஏழு விநாடி மௌனம்' என்றும் இருக்கிறது.

"முப்பத்தொரு வருஷம் கூட இருந்திருக்கேன். ஏழு விநாடி என்னத்த யோசிச்சீங்க?" என்றாள் யூ-சியா. அன்றிலிருந்து என் சோற்றுப் பெட்டியில் முட்டை இல்லை. ஞாயிறன்று ஹுவாலியனில் தங்கை வீட்டுக்குப் போகிறாளாம். திரும்பும் தேதியைச் சொல்லவில்லை.

மாணவியிடம், அப்போது துணியில் அடையாளச் சீட்டுக் குத்த என் வாயில் குண்டூசி இருந்தது, மௌனத்தை எடுத்துவிடு என்றேன்.

"எடுக்க முடியாது மாமா. ஆனா குண்டூசின்னு இப்ப ஏன் சொல்றீங்கங்கிறது முக்கியம்" என்று அதையும் எழுதிக்கொண்டாள்.

"உண்மையிலேயே குண்டூசிதாம்மா."

"உண்மைன்னு வெளியில தனியா ஒண்ணு உட்கார்ந்திருக்கல மாமா. நாம ரெண்டு பேரும் பேசறப்போ உருவாகிறதுதான்."

அப்படியானால் உருவாக்கியதில் பாதி அவளுடையது, முட்டை போனது மட்டும் எனக்கா? தன் முன்முடிவுகளை அடைப்புக்குறிக்குள் ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் வருகிறாளாம். அந்த அடைப்புக்குறியில்தான் என் மௌனத்தைப் போட்டுப் பூட்டியிருக்கிறாள். எண்ணிக்கையில் நம்பிக்கை இல்லை என்கிறவள் ஏழு என்று எப்படி எண்ணினாள்? எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை.

ஆகவே ஞாயிறுக்குள் ஏழை இரண்டாகவாவது குறைத்து, தங்கள் முத்திரையோடு அனுப்பி வைக்கவும். தங்கள் ஆராய்ச்சி செழிக்கட்டும். தங்கள் வெள்ளைச் சட்டையில் கறை படாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
கான் ஷு-மிங்

பின்குறிப்பு: மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். மாணவி யூ-சியாவிடமும் தனியாகப் பேசியிருக்கிறாள்; அதைத் தட்டச்சு செய்த தாள் இஸ்திரி மேசையில் கிடந்தது, படித்துவிட்டேன். அதே கேள்வி. கீழே, 'சிரிப்பு. ஒலிப்பதிவை நிறுத்தச் சொன்னார்' என்று மட்டும் இருக்கிறது. என் மௌனம் எழுபது விநாடியாகவே இருந்துவிட்டுப் போகட்டும் ஐயா. நிறுத்திய பிறகு யூ-சியா என்ன சொன்னாள் என்று மாணவியிடம் கேட்டு எழுதுங்கள். யூ-சியாவையே நான் கேட்கலாம்தான். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு தடவையும் அவளைச் சந்தோஷமா என்று கேட்டதில்லை. இப்போது கேட்கப் பயமாக இருக்கிறது.