இருபத்து நாலு பழைய சாக்கெட்டுகள்

சனிக்கிழமை காலை பூகோள வாத்தியார் ஒரு மாபெரும் தீர்மானத்தோடு எழுந்தார். அன்று மாலைக்குள் தன்னுடைய டூல்ஸ் பெட்டியை ஒழுங்குபண்ணிவிடுவது. பல் தேய்க்கும்போதே, வாயில் நுரையோடு, அதை மனைவியிடம் அறிவித்தார்.

அவள் ஆச்சரியப்படவில்லை. அவள் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். எதற்கும் லேசில் அசர மாட்டாள். வயிற்றைக் கிழிப்பதற்கு முன்னால் எத்தனை கத்தி, எத்தனை கத்தரி, எத்தனை இடுக்கி என்று எண்ணி வைப்பாள். தைப்பதற்கு முன்னால் மறுபடியும் எண்ணுவாள். ஒன்று குறைந்தாலும் பெரிய டாக்டர் ஊசியைத் தொட முடியாது.

அப்பேர்ப்பட்டவளுக்கு வாய்த்த கணவர், ஸ்பேனரைக் குளியலறை ஜன்னலில் வைத்துவிட்டு ஷெட்டில் தேடுகிறவர். ஷெட்டில் ஒரு பழைய கார் நின்றது. ஒவ்வொரு சனிக்கிழமையும் அதைக் கழற்றுவார், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மாட்டுவார். திங்கட்கிழமை பஸ்ஸில் பள்ளிக்கூடம் போவார். மரை கழண்டது காருக்கா, காரின் சொந்தக்காரருக்கா என்று தெருவில் இரண்டு கட்சி இருந்தது.

போன மாதம் உப்பு ஜாடியில் ஒரு நட்டு அகப்பட்டது. அன்றைக்கு மனைவி ஒரே ஒரு சட்டம் போட்டாள். இருக்கிற சாமான் ஒரு பெட்டிக்குள் அடங்குகிறவரை புதுசாக ஒரு திருகாணிகூட வீட்டுக்குள் வரக்கூடாது. வந்தால் கார் வெளியே போய்விடும். வாத்தியார் கார் மேல் கையை வைத்துச் சத்தியம் பண்ணினார்.

பத்தே நாளில் ஹார்டுவேர் கடைக் கண்ணாடிக்குள் அதைப் பார்த்துவிட்டார். நட்டின் தலையில் தொப்பி மாதிரி கச்சிதமாகக் கவிழும் சாக்கெட்டுகள், சின்னதிலிருந்து பெரியது வரை இருபத்து நாலு. கூடவே ஒரு டஜன் ஸ்பேனர். எல்லாம் முகம் பார்க்கலாம் போலப் பளபளவென்று இருந்தன. சத்தியத்தை நினைத்துப் பார்த்தார். நினைத்துக்கொண்டே வாங்கிவிட்டார்.

வாங்கியதைப் பள்ளிக்கூடத்தில் வரைபடங்களுக்குப் பின்னால் ஒளித்துவைத்தார். பிறகு தினமும் நாலு நாலாகச் சாப்பாட்டு டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கடத்தினார். காலியாக வரவேண்டிய டப்பா கனமாக வருவதை மனைவி கவனிக்கவில்லை என்று அவர் நம்பினார். அந்த டப்பாவைக் கழுவுகிறவள் அவள்தான் என்பது அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றவில்லை.

இன்றைக்குத்தான் முக்கியமான கட்டம். பழசோடு புதுசைக் கலந்து அடுக்கிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் புதுசு மின்னியது. எனவே ஷெட் கதவைச் சாத்திக்கொண்டு, பெற்ற பிள்ளைக்குத் தானே சூடு வைக்கிற மாதிரி, ஒவ்வொன்றையும் சிமென்ட் தரையில் உரசினார். கறுத்த இன்ஜின் ஆயிலில் முக்கினார். மண்ணில் புரட்டினார். இருபத்து நாலாவதை உரசும்போது கண் கலங்கிவிட்டது.

பிறகு அடுக்கினார். அடித் தட்டில் சுத்தியும் இடுக்கியும். நடுத் தட்டில் ஸ்பேனர்கள், படிக்கட்டு மாதிரி. மேல் தட்டில் ஒரு பலகை அறுத்து, ஆணி அடித்து, ஆணிக்கொன்றாகச் சாக்கெட்டுகள். ஒவ்வொன்றுக்கும் கீழே வெள்ளைப் பெயின்டால் அளவு எழுதினார். தன் கைவேலையைத் தானே இரண்டடி தள்ளி நின்று பார்த்தார். சொக்கிப்போனார்.

மனைவி டீயோடு வந்தாள். பெட்டியை மேலிருந்து கீழே பார்த்தாள். உதடு லேசாக அசைந்தது. எண்ணுகிறாள் என்று வாத்தியாருக்குப் புரியவில்லை. பாராட்டுக்கு வார்த்தை தேடுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

"இதெல்லாம் பழசுதானே?" என்றாள்.

"பழசுதான். நம்ம கல்யாணத்துக்கும் முன்னாடி வாங்கினது."

"எனக்கு முன்னாடியே வந்துட்டதா?"

"வந்தா என்ன. உன் அளவுக்கு எதுவும் வராது."

"அளவுதான் ஒவ்வொண்ணுக்கும் கீழே எழுதியிருக்கீங்களே," என்று சொல்லிவிட்டு அவள் அவர் குடித்துவைத்த டம்ளரோடு உள்ளே போனாள். யாருக்கோ போன் பண்ணுகிற சத்தம் கேட்டது.

அரை மணியில் அவள் தம்பி வந்து நின்றான். மின்சார ஆபீஸில் வேலை, ஒரு பழைய மோட்டார் சைக்கிளை வாங்கிவிட்டுத் தவிக்கிறவன். மாமா, உங்கள் பழைய டூல்ஸையெல்லாம் துடைத்து, அடுக்கி, நம்பர் போட்டு எனக்காக எடுத்துவைத்திருக்கிறீர்களாமே, அக்கா சொன்னாள், இந்தக் காலத்தில் யார் மாமா இப்படிச் செய்வார்கள் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் கண்ணும் கலங்கியிருந்தது.

வாத்தியார் மனைவியைப் பார்த்தார். அவள் ஆபரேஷன் தியேட்டர் முகத்தோடு நின்றாள்.

"இதுல புதுசு ஏதாவது கலந்திருந்தா இப்பவே சொல்லிடுங்க," என்றாள் மெதுவாக. "அதை மட்டும் தனியா எடுத்துவெச்சிடலாம்."

வாத்தியார் பெட்டியைப் பார்த்தார். காரைப் பார்த்தார். வாயைத் திறந்தார். பெட்டிக்காக வாயைத் திறந்தால் கார் போகும். காருக்காக வாயை மூடினால் பெட்டி போகும். இருபது வருஷமாக உலக வரைபடத்தில் வழி சொல்லிக்கொடுத்தவருக்குத் தன் ஷெட்டிலிருந்து தப்பிக்க ஒரு சந்துகூடத் தெரியவில்லை.

"எல்லாம் பழசுதான்," என்றார். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

பெட்டியை மைத்துனனின் வண்டி வரை தூக்கிக்கொண்டு போய் வைத்ததும் அவர்தான்.

அடுத்த சனிக்கிழமை காரின் பேட்டரி நட்டு தளர்ந்துவிட்டது. கையால் திருகினார், இறுகவில்லை. பல்லால் கடிக்கலாமா என்றுகூட யோசித்தார். கடைசியில் ரோஷத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மைத்துனன் வீட்டுக்கு நடந்தார். அங்கே சாக்கெட்டுகள் மண்ணெண்ணெயில் குளித்து, கீறல்களோடு மின்னிக்கொண்டு, ஆணிக்கொன்றாக உட்கார்ந்திருந்தன. பழசென்று சொன்னால் யாரும் நம்பமாட்டேன் என்கிறார்கள் மாமா என்று அவன் பெருமைப்பட்டுக்கொண்டான்.

பதிமூணாம் நம்பர் ஒன்றை மட்டும் கொடு மச்சான், சாயங்காலமே திருப்பித் தந்துவிடுகிறேன் என்று வாத்தியார் கேட்டார்.

மைத்துனன் தலையைச் சொறிந்தான். "உங்களுக்கு இல்லாததா மாமா? ஆனா பெட்டியில ஒண்ணு குறைஞ்சாலும் தனக்குத் தெரியணும்னு அக்கா சொல்லியிருக்கா. அக்காகிட்ட ஒரு சின்ன லெட்டர்ல கையெழுத்து மட்டும் வாங்கிட்டு வந்துடுங்க."