இருபத்து மூன்று கட்டைவிரல்கள்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு அனைவரும் நலம். நீயும் நலமாக இருப்பாய். இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை அப்படியே இரு. போனில் பேசினால் நடுவிலேயே விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். கையால் எழுதுவதற்கான காரணம் கீழே வருகிறது.

வீட்டுக் கணினிகளுக்காக நீ உருவாக்கியிருக்கும் புதிய இயங்குதளத்தை யார் யார் பயன்படுத்த விரும்புவீர்கள் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கேட்டாய். இருபத்து மூன்று கட்டைவிரல்கள் வந்தன. அவற்றை நம்பி வரும் திங்கட்கிழமை வேலையை ராஜினாமா செய்யப் போகிறாயாம். உன் மனைவி போனில் அழுகிறாள். தம்பி, நம் குடும்பத்தில் கட்டைவிரல் என்றால் விருப்பம் என்று பொருள் இல்லை. பார்த்துவிட்டேன், ஆளை விடு என்று பொருள். பெரியப்பா இறந்த செய்திக்கும் இதே கட்டைவிரல்கள்தான் வந்தன. அதையும் விருப்பம் என்று எடுத்துக்கொண்டிருந்தால் என்ன செய்திருப்போம்?

சந்தேகம் வேண்டாம் என்று நானே ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் கேட்டேன். சித்தி, "போடலேன்னா கோச்சுக்குவான்னு போட்டேன்டி. எங்க வீட்ல கம்ப்யூட்டரே கிடையாதே!" என்றாள். மாமா, "பையன் நல்லா வரட்டும்மா. என் மெஷின் பக்கம் மட்டும் வரவேண்டாம்னு சொல்லு" என்று ஆசீர்வதித்தார். மற்றவர்கள் எந்தச் செய்தி என்றே கேட்டார்கள்.

ஆக, உன் தளத்தை உண்மையிலேயே போட்டுக்கொண்டவள் நான் ஒருத்திதான். அதுவும் போன ஞாயிறு நீயே வந்து, நான் காபி போடப் போயிருந்த நேரத்தில் போட்டுவிட்டுப் போனதால். மறுநாள் காலை இயந்திரத்தைத் திறந்தால், "இன்று உங்களுக்கு என்ன செய்ய ஆசை?" என்று கேட்கிறது. ஆய்வேடு தட்டச்சு செய்து பிழைப்பவளுக்கு என்ன ஆசை இருக்கும்? அச்சு எடுக்க வேண்டும் என்று அடித்தேன். "அருமையான எண்ணம்! ஆனால் உங்கள் அச்சுப்பொறி எனக்கு இன்னும் அறிமுகமில்லை" என்றது. வாசலில் ஆய்வேட்டை வாங்க வந்த ஓர் ஆராய்ச்சி மாணவி நிற்கிறாள், அன்று மாலைக்குள் அவள் ஒப்படைத்தாக வேண்டும். நான் வயரைப் பிடுங்கிச் சொருகுகிறேன், அது மறுபடியும் ஆசையைக் கேட்கிறது, கடைசியில் அவள், "பரவாயில்லக்கா, நான் வேற இடத்துல பாத்துக்கறேன்" என்று போயே போய்விட்டாள். இனி அவள் தோழிகளும் வரமாட்டார்கள். உன் அத்தான் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "மச்சான் எல்லாத்தையும் கண்டுபிடிச்சுட்டாரு, பிரிண்டரை மட்டும் நமக்கு விட்டு வச்சிருக்காரு" என்றார்.

அன்று மதியம் வேலையில்லாமல் அந்தத் திரையின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். இந்த வீட்டில் என்னிடம் சாவி எங்கே என்று கேட்பார்கள், சாப்பாடு என்ன என்று கேட்பார்கள். ஆசை என்ன என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. பதில் அடிக்க விரலை வைத்தேன், ஒன்றும் வரவில்லை. வெகுநேரம் வரவில்லை. மனுஷியை இப்படி உட்காரவைக்கிறதுக்கா ராப்பகலா கண்ணு முழிச்சு எழுதினே? இதையும் குறைகளில் சேர்த்துக்கொள்.

போதும்டா. யாருக்கும் வேண்டாம். திங்கட்கிழமை ஒழுங்காக அலுவலகம் போய் உன் நாற்காலியில் உட்கார்.

உன் மனைவிக்கு ஆறுதலும், குழந்தைக்கு முத்தமும், உனக்கு நல்ல புத்தியும் கிடைக்க ஆசீர்வதிக்கும்,
அக்கா

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் உன் அத்தான் கணினிக் கடைக்காரரை வரவழைத்துப் பழைய தளத்தையே போடவைத்துவிட்டார். அச்சு பிரமாதமாக வருகிறது. இயந்திரத்தைத் திறந்தேன், எதுவும் கேட்காமல் நேராக வேலையைக் காட்டியது. கேட்கும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை உன் தளத்தை மறுபடியும் கொண்டுவா. ஒருத்திக்காக வேலையை விடலாமா என்று மட்டும் என்னிடம் கேட்காதே, இன்றைக்கு என்னிடமிருந்து நியாயமான பதில் வராது. விருப்பமுள்ளவர் ஒருவர் என்று எழுதிக்கொள். கட்டைவிரல் இல்லை, ஆள்.