கமிலாவின் பிறந்தநாளும் என் வாழ்த்துரையும்

பாரிஸில் வாழும் யாழ்ப்பாணத்தவர் எதையும் மன்னிப்பார்கள். வெள்ளைக்காரியைக் கட்டியவனை மன்னித்திருக்கிறார்கள். சீட்டுப் பிடித்துவிட்டு ஓடியவனைக்கூட, ஆறப்போட்டு மன்னித்திருக்கிறார்கள். செதேஈயை விட்டவனை மன்னித்ததாக மட்டும் நான் கேள்விப்படவில்லை. செதேஈ என்பது நிரந்தர வேலைக்கு இங்கே உள்ள பெயர். வாடகை வீடு, வங்கிக் கடன், மாப்பிள்ளைப் பேச்சு எல்லாம் அதில்தான் தொங்குகின்றன. நான் அதை விட்டேன். ஒரு காப்புறுதி அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் ஜன்னலோரம் கிடைத்த மேசையை விட்டுவிட்டு, கோயில் வேலைக்குப் போனேன். அதுவும் தமிழ்க் கோயிலுக்கு இல்லை. தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலுக்குப் பக்கத்தில் ஸ்பானிஷ் பேசும் சனம் கூடுகிற கத்தோலிக்கக் கோயிலுக்கு.

“எங்கடை சனத்துக்குச் செய்ய உனக்குக் கையில்லையோ, ஜூட்?” என்று கேட்டாள் பிலோமினா அக்கா. அவள் என் ஒரே அக்கா, பொண்டியில் இருக்கிறாள், அவள் குரல் அடுத்த ஊரான ஓல்னேயில் கேட்கும்.

“தேவ அழைத்தல் அக்கா” என்றேன்.

யாழ்ப்பாணத்தில் தேவ அழைத்தல் என்பது குருமடத்துக்குப் போகிற பொடியனுக்கு வருவது. பெண்டாட்டி பிள்ளையோடு இருக்கிற கணக்காளனுக்கு வந்தால் அதற்கு வேறு பெயர். அக்கா அந்தப் பெயரைச் சொன்னாள். “விசர். தனிப் பைத்தியம்.” என் மனைவி வீட்டுச் செலவுக் கொப்பியை எடுத்துக் கூட்டிப்பார்த்தாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஸ்பானிஷ் எனக்கு எப்படி வந்தது என்று கேட்பீர்கள். பிரான்சுக்கு வந்த புதிதில் ஓர் உணவகத்தின் குசினியில் கோப்பை கழுவினேன். கூட நின்றவர்கள் எல்லாம் பொலிவியா, எக்குவடோர் ஆட்கள். கோப்பை போகப் போக பாஷை வந்தது. (இலக்கணம் வரவில்லை. குசினியில் அதை யார் தேடினார்கள்?) பிறகு அவர்களோடு ஆஸ்பத்திரிக்கும் விசா கொடுக்கிற பிரிஃபெக்சருக்கும் போய் மொழிபெயர்த்தேன். பூசையில் வாசகம் வாசித்தேன். கடைசியில் அந்தக் கோயிலின் பங்குக்குரு எஸ்தபான் சாமியார், “முழுநேரமாக வா. ஒரு வருடம் பார்ப்போம். சரிவந்தால் தொடர்ந்து இரு” என்றார். அவர் பெரு நாட்டுக்காரர், அதிகம் பேசாதவர். சரிவராவிட்டால் எனக்குப் போக இடமில்லை. அலுவலக மேசையில் ஏற்கனவே வேறொருத்தி பூச்சாடி வைத்துவிட்டாள்.

என் முதல் பொறுப்பு ரோசாவின் மகளுடைய விழா. ரோசா பொலிவியாக்காரி, அலுவலகங்களில் துப்புரவு வேலை செய்கிறாள். மகள் கமிலாவுக்குப் பதினைந்து வயது. கோயிலில் நன்றிப் பூசை, மண்டபத்தில் விருந்து, பிள்ளைக்கு வாசலில் நுழையாத அளவுக்கு ஒரு கவுண், சொந்தக்காரர் முழுப்பேரும் வருகிறார்கள் என்றாள். இதற்குமேல் எனக்கு என்ன விளக்கம் வேண்டும்? யாழ்ப்பாணத்தில் பிறந்த எவனுக்கும் இது என்னவென்று உடனே பிடிபடும்.

அக்காவுக்கும் பிடிபட்டது. “சாமத்தியவீடு! எட, அவையளுக்கும் இருக்கோ? அப்ப நல்ல சனமாத்தான் இருக்கும்.” (இந்தியத் தமிழர்கள் மஞ்சள் நீராட்டு விழா என்பார்கள்.) என் புது வேலையைப் பற்றி அக்கா சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ரூ பெர்தொனேயில் மணவறை வாடகைக்குக் கொடுக்கிற கடைக்கு ரோசாவைக் கூட்டிப்போனேன். இரண்டு பக்கமும் மயில் நிற்கும் சிம்மாசனத்தின் படத்தைப் பார்த்ததும் அவள் கைதட்டினாள். நன்றாகக் கவனியுங்கள்: தட்டியவள் அவள். “இதெல்லாம் எதற்கு?” என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எஸ்தபான் சாமியாரும் படத்தைப் பார்த்து, “அழகாக இருக்கிறது” என்றார். எல்லாருமாகச் சேர்ந்துதான் என்னைக் கிணற்றில் தள்ளினார்கள்.

பூசை நன்றாக முடிந்தது. பொண்டி மண்டபத்திலும் எல்லாம் சோக்காகத்தான் நடந்தது. அக்கா பட்டுச்சேலை கட்டிய தோழிகளோடு வந்து, வாழைப்பழத்துண்டில் திரி கொளுத்திய தட்டுகளால் கமிலாவுக்கு ஆலாத்தி எடுத்தாள். பொலிவியா முழுவதும் கைபேசியைத் தூக்கிப் படம் பிடித்தது. “தாய்மாமன் எங்கை?” என்று அக்கா தேடி, ரோசாவின் தம்பியைக் கையில் பிடித்து இழுத்துவந்து தேங்காயைக் கொடுத்தாள். அந்த அப்பாவி என்ன ஏதென்று கேட்காமல் ஒரே அடியில் உடைத்தான். மண்டபம் அதிர்ந்தது. கமிலாவும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நான் அந்த இடத்தில் பேசாமல் சாப்பிடப் போயிருக்கலாம். மைக்கை வாங்கினேன்.

“சகோதர சகோதரிகளே, தமிழர்களாகிய நாங்களும் இந்த நாளை இப்படியேதான் கொண்டாடுகிறோம்” என்று ஸ்பானிஷில் தொடங்கினேன். கைதட்டல். தமிழில் மேற்கொண்டு சொல்ல எங்களிடம் எத்தனையோ சுற்றுவழி உண்டு. பெரியபிள்ளையானாள் என்போம், ஆளானாள் என்போம். என் குசினி ஸ்பானிஷில் சுற்றுவழி கிடையாது. கமிலாவுக்கு முதல் மாதவிலக்கு வந்த நற்செய்திக்காக ஆண்டவருக்கு நன்றி கூறுவோம் என்று நேரே போட்டு உடைத்தேன். “அல்லேலூயா” என்றும் சேர்த்துக்கொண்டேன்.

பாட்டுப் போட்டவன் பாட்டை நிறுத்தினான். சாமியார் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தார். கமிலா முகம் சிவந்து, கவுணை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு, குசினிக்குள் ஓடிக் கதவைச் சாத்தினாள். ஒரு சொல்லும் விளங்காத அக்கா கைதட்டத் தொடங்கினாள். அவளைப் பார்த்துத் தோழிகளும் தட்டினார்கள்.

“என்னடா, சனம் உருகிப்போச்சோ?” என்று அக்கா என்னைக் கேட்டாள்.

என் மகள் மெலனிக்கு அப்போது பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடத்தில் ஸ்பானிஷ் படிக்கிறவள். மேசை விரிப்பில் முகத்தைப் புதைத்தபடி பிரெஞ்சில் சொன்னாள், “அப்பா, அது வெறும் பிறந்தநாள்.”

வெறும் பிறந்தநாள்! எனக்குக் கொதித்தது. பதினைந்தாவது பிறந்தநாளுக்கு எதற்கு அந்தக் கவுண்? பதினான்குக்கு ஏன் இல்லை, பதினாறுக்கு ஏன் இல்லை? இதை ஒருவர், ஒரேயொருவர், எனக்கு முன்பே சொல்லியிருக்கக்கூடாதா? ரோசா வந்து என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினாள். அவள் சொன்ன வார்த்தைகளும் குசினியில் நான் படித்தவைதான்.

அடுத்த நாள் மாலை சாமியார் கூப்பிட்டார். “நீ இருப்பதா போவதா என்பதை ரோசா சொல்லட்டும்” என்றார். ரோசா, “நான் யார்? கமிலாவைக் கேளுங்கள்” என்றாள். என் தேவ அழைத்தல் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையின் கையில் வந்து நின்றது. தனியே போகப் பயந்து, சாமியாரும் கமிலாவும் காத்திருந்த கோயில் அறைக்கு மெலனியையும் கூட்டிக்கொண்டு போனேன்.

நான் மனப்பாடம் செய்து கொண்டுபோன மன்னிப்பைக் கமிலா பாதியிலேயே நிறுத்திவிட்டாள். என்னைப் பார்க்காமல் மெலனியிடம் பிரெஞ்சில் கேட்டாள்.

“உங்களிடம் உண்மையாகவே இதை ஊருக்கெல்லாம் சொல்லுவார்களா?”

“அட்டை அடிப்பார்கள். என் படத்தோடு” என்றாள் மெலனி. “வீடியோவும் எடுப்பார்கள். பிலோமினா மாமி மண்டபம்கூடப் பார்த்துவிட்டா.”

எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. “அது எங்கள் பண்பாடு! அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, பெருமைதான்!” என்று மேசையில் தட்டினேன்.

கமிலா இப்போதுதான் என் பக்கம் திரும்பினாள். “பெருமை என்றால் என்னிடம் எதற்கு மன்னிப்புக் கேட்கிறீர்கள்?”

அந்தக் கேள்வி கிளப்பிய கோபம் இன்னும் ஆறவில்லை. மெலனியைப் பார்த்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தனக்கு அது வேண்டாம் என்று அவள் வீட்டில் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறாள். பிள்ளைகள் அப்படித்தான் சொல்லும் என்று நான் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

“இவளுக்கு அதைச் செய்யாதீர்கள். அப்படியென்றால் நீங்கள் இருக்கலாம்” என்றாள் கமிலா. சாமியார் தலையாட்டினார். நான் சத்தியம் செய்துகொடுத்தேன்.

பார்த்துவைத்த மண்டபம் வேண்டாம் என்றதற்கு அக்கா தவக்காலம் முழுவதும் என்னோடு பேசவில்லை. பிறகு பேசினாள், பேசாமல் இருந்திருக்கலாம். வேலை நிலைத்தது. இப்போது எங்கள் குடும்பத்தில் யாராவது இரகசியம் சொல்ல வாயெடுத்தால், “ஜூட்டிட்டைச் சொல்லாதையுங்கோ, மைக் பிடிச்சிடுவான்” என்கிறார்கள். ஸ்பானிஷ்காரர் விழாவுக்கு என்னைக் கூப்பிட்டால், சாப்பாட்டுக்கு மட்டும் என்று சொல்லியே கூப்பிடுகிறார்கள்.

இந்த வருடம் மெலனிக்குப் பதினைந்து. தனக்கும் கமிலாவைப்போல ஒரு விழா வேண்டும் என்றாள். கமிலாதான் முன்னின்று நடத்தினாள். பிறந்தநாளுக்கும் ஆலாத்தி எடுக்கலாம் என்று அக்கா தானாகவே ஒரு சட்டம் போட்டுக்கொண்டு வந்தாள். ஸ்பானிஷ்காரரிடம் ஒரு வழக்கம்: எல்லோருக்கும் முன்னால் தகப்பன் முழங்காலிட்டு, மகளுடைய தட்டைச் செருப்பைக் கழற்றி, குதி உயர்ந்த சப்பாத்தை மாட்டிவிட வேண்டும். மாட்டினேன். சின்னக் கால் எப்போது இவ்வளவு வளர்ந்தது? நிமிர்ந்து, ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன்.

“வாயை மூடடா!” என்று அக்கா தமிழிலும், ரோசா ஸ்பானிஷிலும், மகள் பிரெஞ்சிலும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.