நான் எடுத்த நாலாவது ஷை

யாழ்ப்பாணத்தில் ஏ லெவல் பரீட்சையை மூன்று தரம் எடுக்கலாம். ஒவ்வொரு தரத்துக்கும் ‘ஷை’ என்று பெயர். முதல் ஷை, இரண்டாம் ஷை, மூன்றாம் ஷை. நான் மூன்றையும் எடுத்தவள். மூன்றிலும் மருத்துவபீடம் என்னை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அத்தோடு விட்டிருந்தால் கௌரவமாக இருந்திருக்கும். ஆனால் நான் நாலாவது ஷையும் எடுத்தேன். அது தொண்ணூறுகளின் தொடக்கத்தில், லண்டனில், என் மகள் சுபாவின் பெயரில்.

அப்போது நாங்கள் அப்டன் பார்க்கில் இருந்தோம். இவருக்கு (என் கணவரைத்தான் சொல்கிறேன், பெயர் சொல்லிப் பழக்கமில்லை) ஒரு சாமான் கிடங்கில் வேலை. எனக்குப் பக்கத்துத் தெருப் பாமசியில், மருந்து விற்கிற கவுண்டரில் நிற்கிற வேலை. முதலாளி எனக்கும் ஒரு வெள்ளைக் கோட் தந்திருந்தார். உடுப்பில் ஊத்தை படாமலிருக்கத்தான் தந்தார். நான் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டேன். அதைப் போட்டால் என் நடையே மாறிவிடும். குட்மேய்ஸிலிருந்தும் டூட்டிங்கிலிருந்தும் சொந்தக்காரர் ஃபோன் எடுத்து, பிள்ளைக்கு இருமல், என்ன கொடுக்கலாம் என்று கேட்பார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, “எத்தினை நாளா?” என்று தொடங்குவேன். (பிறகு மருந்துப் போத்தலின் பின்பக்கத்தில் இருப்பதைத் தமிழில் வாசிப்பேன். அவ்வளவுதான் வைத்தியம்.)

சுபா பதினாறு வயதில் ஏ லெவல் முதல் வருடம் தொடங்கினாள். பயோலொஜி, கெமிஸ்ற்றி, மற்ஸ். யார் தெரிவு செய்தது என்று கேட்காதீர்கள்.

படிக்கத் தொடங்கியது அவள். இருப்புக்கொள்ளாமல் அலைந்தது நான். அவள் அறைக் கதவுக்கு வெளியே நின்று, தாள் புரளும் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுப்பேன். கேட்டால், இவ்வளவு வேகமாகப் புரட்டுகிறாளே, விளங்கித்தான் படிக்கிறாளா என்று கவலை. கேட்காவிட்டால், நித்திரையாகிவிட்டாளோ என்று கவலை. பால்தேத்தண்ணியோடு உள்ளே போவேன். வெளியே வந்ததும், அவள் கொப்பியில் இருந்தது பாடமா, பூப்படமா என்று சந்தேகம் வரும். பிஸ்கட்டோடு திரும்பப் போவேன். இவர் ரீவிச் செய்தியைச் சத்தமில்லாமல் பார்க்கப் பழகிக்கொண்டார். வாயசைவை வைத்து, பிரதமர் என்ன சொல்கிறார் என்று எனக்கு விளக்கமும் சொன்னார். ஞாபகசக்திக்கு என்று தினமும் வல்லாரைச் சம்பல் அரைத்தேன்.

“அம்மா, வல்லாரை சாப்பிட்டது மட்டும்தான் எனக்கு ஞாபகத்தில நிக்குது,” என்றாள் சுபா.

ஒக்டோபர் விடுமுறை தொடங்கிய அன்று, நான் சமைத்துக்கொண்டிருந்த குசினியின் கதவில் அவள் சாய்ந்துகொண்டு மெதுவாகத் தொடங்கினாள்.

“அம்மா, பயோலொஜியில டிசெக்ஷன் இருக்கு. ஆட்டின்ர இதயத்தை வெட்டிப் பாக்கவேணுமாம். எனக்கு ரத்தம் எண்டால் பயம்.”

“அதுக்கு?”

“விடுமுறை முடிஞ்சு போற திங்கட்கிழமை சொன்னால் ஜோக்ரபிக்கு மாறலாம் எண்டு ரீச்சர் சொன்னவ. அதுக்குப் பிறகு மாற ஏலாதாம். மாறட்டோ?”

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பயோலொஜியை விட்டால் டொக்டர் கனவு அத்தோடு சரி. அதுவும் எதற்காக? ஜோக்ரபிக்காக! மழை எப்படிப் பெய்கிறது என்று படிப்பதற்கு லண்டனில் ஒரு பிள்ளை கல்லூரிக்குப் போகவேண்டுமா? யன்னலைத் திறந்தால் போதாதா?

“பயம்தானே? அதுக்கு மருந்து இருக்கு,” என்றேன் பாமசிக் குரலில். “நான் ஊரில கரப்பான், தவளை, எலி எல்லாம் வெட்டினவள்.”

(வெட்டியது பக்கத்து மேசைத் தோழி. நான் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு அவளுக்குப் பென்சில் சீவிக் கொடுத்தேன்.)

வியாழக்கிழமை வேலை முடிந்ததும் நேரே கிறீன் ஸ்ட்ரீட் இறைச்சிக்கடைக்குப் போனேன். கடைக்காரர் பாகிஸ்தான்காரர். ஆட்டிதயம் ஒன்று வேண்டும் என்றேன். கறிக்குத் துண்டு போடட்டுமா என்று கத்தியைத் தூக்கினார். வேண்டாம், முழுதாக வேண்டும், மகளின் ஏ லெவலுக்கு என்றேன். அவர் கத்தியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். அவருடைய மகனும் ஏ லெவல்தானாம். புத்தகத்தைத் தொடுகிறானில்லையாம். குரலைத் தாழ்த்தி, “இதைப் பொரித்துக் கொடுக்கவேண்டுமா, குழம்பு வைத்தா?” என்று கேட்டார். நான் விளக்கம் சொல்லுமுன் இன்னொரு இதயத்தை எடுத்துத் தன் வீட்டுக்கென்று தனியாகச் சுற்றி வைத்துவிட்டார்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. வெள்ளியில் எங்கள் வீட்டில் முட்டைகூட உடைபடாது. அதோடு, குட்மேய்ஸிலிருக்கும் இவருடைய தமையனார், சுபாவின் பெரியப்பா, வெள்ளிதோறும் கோயிலால் நேரே எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். அவர் சுத்த சைவம். சனிக்கிழமை வரை பொறுத்திருந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போயிருக்காது. ஆனால் பொறுத்திருப்பது என் பிறப்பிலேயே இல்லை. சமைக்கத்தானே கூடாது, படிக்கலாம்தானே என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். பெரியப்பா வரமுன் பாடத்தை முடித்துவிடலாம் என்பது என் திட்டம்.

பின்னேரம் குசினி மேசையில் பழைய பேப்பரை விரித்தேன். வெள்ளைக் கோட்டைப் போட்டேன். பாத்திரம் கழுவுகிற மஞ்சள் கையுறையை மாட்டினேன். பூசணிக்காய் வெட்டுகிற பெரிய கத்தியை எடுத்தேன். மணம் வெளியே போகக்கூடாதென்று ஒரு கட்டு ஊதுபத்தியையும் கொளுத்தி வைத்தேன்.

இவர் எட்டிப் பார்த்தார். “இஞ்சாரும், இண்டைக்கு வெள்ளிக்கிழமையெல்லே?”

“தெரியும். நீங்கள் போய் ரீவியைப் பாருங்கோ.”

“சத்தத்தோடயோ?”

“சத்தமில்லாமல்.”

சுபா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றாள். “அம்மா, வேண்டாம் அம்மா. பயமாக் கிடக்கு,” என்றாள். பயந்த பிள்ளையின் முன் தாய் தளரலாமா? நான் கத்தி முனையால் தொட்டுத் தொட்டுப் பாடம் எடுத்தேன்.

“இது இடது பக்கம். இது வலது பக்கம்.”

“மற்றப்பக்கம் அம்மா,” என்று விரலிடுக்கால் ஒரு குரல் வந்தது.

அப்போதாவது எனக்கு விளங்கியிருக்கவேண்டும். விளங்கவில்லை. கத்தியை வைத்து அழுத்தினேன். வழுக்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் அழுத்த, இதயம் பிளந்து, உள்ளே உறைந்திருந்த ரத்தம் கட்டியாக வெளியே வந்து பேப்பரில் பொத்தென்று விழுந்தது. என் காதுக்குள் ஏதோ இரையத் தொடங்கியது. சுவர் ஒரு பக்கம் சாய்ந்தது.

அன்றைக்கென்று கோயிலில் பூசை வெள்ளென முடிந்துவிட்டதாம். இவர் கதவைத் திறக்க, பெரியப்பாவின் மூக்கில் ஊதுபத்தி வாசம் அடித்திருக்கிறது. எங்கள் சாமிப்படங்கள் குசினி அலுமாரித் தட்டில்தான் இருந்தன. “ஆ, நல்ல நேரத்துக்குத்தான் வந்திருக்கிறன்,” என்று சப்பாத்தைக் கழற்றி, வேட்டியைச் சரிசெய்து, கையைக் கூப்பிக்கொண்டு அவர் நேரே குசினிக்குள் வந்தார். நான் கத்தியோடு திரும்பினேன்.

“முருகா!”

எனக்குக் கேட்ட கடைசிச் சத்தம் அதுதான். நான் விழுகிற வழியில் குக்கர் அடுப்பின் விளிம்பு என் புருவத்தைப் பதம் பார்த்தது.

கண் விழித்தபோது தலை சுபாவின் மடியில் இருந்தது. அவள் ஒரு துவாயை என் புருவத்தில் அழுத்திப் பிடித்திருந்தாள். அவள் மணிக்கட்டு வரை என் ரத்தம்.

“அப்பா, பிறீசருக்குள்ள பட்டாணிப் பை இருக்கு, எடுங்கோ. பெரியப்பா, காரை ஸ்ராட் பண்ணுங்கோ. அம்மா, கண்ணை மூடவேண்டாம், என்னைப் பாருங்கோ.”

குரலில் ஒரு பதற்றமில்லை. இரண்டு ஆண்களும் அவள் சொன்னபடி ஓடினார்கள். இவர் முதலில் பட்டாணிக்குப் பதிலாக முருங்கைக்காயைக் கொண்டுவந்தார், அது வேறு கதை. காரில் பெரியப்பா என்னைக் கண்டிக்கவே இல்லை. கொஞ்சத் தூரம் போனபின் ஒன்றே ஒன்று கேட்டார்.

“பிள்ளை, இவ்வளவு காலமும் எனக்கு மரக்கறி வெட்டினதும் அந்தக் கத்தியாலதானோ?”

ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் நல்ல கூட்டம். நான் கோட்டைக் கழற்றவில்லை. வீங்கிய காலோடு இருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர் என்னைக் கண்டதும் சிரமப்பட்டு எழும்பி, “டொக்டர், இன்னும் எவ்வளவு நேரம்?” என்று கேட்டார். ஒரு கண்ணைப் பட்டாணிப் பை மறைத்திருக்க, மற்றக் கண்ணால் அவரைப் பார்த்தேன். மூன்று ஷையில் கிடைக்காதது, கேளாமலே கிடைத்திருந்தது. விட மனம் வருமா? “காலை உயர்த்தி வைத்திருங்கள். இன்றைக்குக் கொஞ்சம் நெரிசல்,” என்றேன். அவர் நன்றி சொன்னார். பக்கத்தில் ஒரு பெண் இருமுகிற குழந்தையோடு என் பக்கம் திரும்பினாள். நான் தொண்டையைச் செருமினேன். சுபா என் கையைப் பிடித்து இழுத்து ஒரு மூலையில் இருத்தினாள்.

தாதி வந்து எப்படி நடந்தது என்று கேட்டார். குசினியில் ஒரு இதயத்தை வெட்டிக்கொண்டிருந்தோம் என்று சுபா ஆங்கிலத்தில் சொன்னாள். தாதி என்னைப் பார்த்தார். நெற்றி நிறைய விபூதியோடு நின்ற பெரியப்பாவைப் பார்த்தார். பிறகு மிகவும் தன்மையாக, “யாருடைய இதயம்?” என்று கேட்டார்.

“ஷீப்! ஷீப்!” என்று பெரியப்பா மண்டபமே திரும்பிப் பார்க்கக் கத்தினார்.

எனக்கோ நெற்றி வலிக்க வலிக்க உள்ளே ஒரே சந்தோசம். தாதி போனதும் சுபாவின் கையைத் தூக்கி அவளுக்கே காட்டினேன்.

“பாத்தியே? எவ்வளவு ரத்தம்! நடுங்கினியே? பயம் போட்டுது பிள்ளை! இனி நீ டொக்டர்தான்!”

அவள் கையை மெல்ல இழுத்துக்கொண்டாள்.

“அம்மா, எனக்கு ஒருநாளும் பயம் இருக்கேல்ல.”

“அப்ப ஏன் அப்பிடிச் சொன்னனி?”

“விருப்பமில்லை எண்டு சொன்னால் நீங்கள் விடமாட்டியள். பயம் எண்டால் ஒருவேளை பாவம் பாத்து விடுவியள் எண்டு நினைச்சன்.”

சுர்ரென்று கோபம் வந்தது. இவ்வளவு நாளும் என்னை ஏய்த்திருக்கிறாள்! அடுத்த நிமிடமே வெட்கமாகவும் போய்விட்டது. சொந்தத் தாயிடம் விருப்பமில்லை என்று சொல்ல ஒரு பிள்ளை பயந்தாங்கொள்ளி வேஷம் போடவேண்டியிருக்கிறது. ஆனாலும் நான் விட்டுக்கொடுக்கிற ஆளா? கொழும்பில் விமானம் ஏறிய நாளிலிருந்து தொடங்கி, நாங்கள் பட்ட பாடெல்லாம் அடங்கிய நீண்ட பேச்சு ஒன்றைத் தொண்டைவரை கொண்டுவந்தேன். அந்த நேரம் பார்த்து என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

தையல் போட வந்தவர் ஓர் இளம் டொக்டர். நித்திரையில்லாமல் அவர் கண் கொவ்வைப்பழமாகச் சிவந்திருந்தது. முகத்தை அசைக்கக்கூடாது, கதைக்கவே கூடாது, ஊசி கண்ணுக்குப் பக்கத்தில் போகிறது என்றார். சுபா பக்கத்தில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். முதல் தையல் இறங்கியது. அவள் என் காதருகே குனிந்தாள்.

“அம்மா, திங்கட்கிழமை நான் ஜோக்ரபிக்கு மாறப்போறன். வேண்டாம் எண்டால் இப்ப சொல்லுங்கோ.”

பிறந்த நாளிலிருந்து நான் வாய் மூடி, அசையாமல் கிடந்த நேரம் அது ஒன்றுதான். கண்ணை உருட்டிப் பார்த்தேன். கண்ணையும் அசைக்காதீர்கள் என்றார் டொக்டர். வேண்டாம் என்பதற்கு அடையாளமாக அவள் கையை இறுக்கி நெரித்தேன். அவள் அன்பாகத் திருப்பி நெரித்தாள். டொக்டர் நூலை இழுத்தபடியே, நீ என்ன படிக்கிறாய் என்று அவளைக் கேட்டார். திங்கட்கிழமையிலிருந்து ஜோக்ரபி என்றாள். “நல்ல விஷயம். நல்லாக நித்திரை கொள்ளலாம்,” என்றார் அவர்.

தையல் முடிந்தது. இனிக் கதைக்கலாம் என்றார்கள். எழும்பி உட்கார்ந்து வாயைத் திறந்தேன். சுபா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஈரப் பஞ்சால் நகத்துக்குள் காய்ந்திருந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு நேரமும் நடுங்காத அவள் விரல்கள் இப்போது நடுங்கின. என் பிள்ளைக்கு என்னிடம் இவ்வளவு பயமா என்று யோசித்தேன். கொழும்பு விமானப் பேச்சு எங்கே போனதென்று தெரியவில்லை.

“ஜோக்ரபிக்கு அட்லஸ் ஒண்டும் வாங்கவேணுமெல்லே?” என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். சிரித்தாள், பிறகு என் வெள்ளைக் கோட்டில் முகத்தைப் புதைத்து ஏங்கி ஏங்கி அழுதாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டே, அட்லஸ் வாங்கும்போது பழைய பதிப்பை வாங்கி ஏமாறக்கூடாது என்று புத்திமதி சொல்லத் தொடங்கினேன். (முற்றாகத் திருந்துவது லேசான காரியமில்லை.)

வீட்டுக்கு வந்ததும் பெரியப்பா கத்தியைத் தன் கையாலேயே குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, புதுக் கத்தி வாங்கும்வரை எங்கள் வீட்டில் வாழைப்பழம் மட்டும் சாப்பிட்டார். என் புருவத்தில் மயிர் முளைக்காத ஒரு கீற்று இன்றும் இருக்கிறது. வீட்டில் ஏதாவது பெரிய விஷயம் தீர்மானிக்கவேண்டி வந்து, நான் மறுப்பேன் என்று தெரிந்தால், இவர் மகளிடம் சொல்வார்: “பொறு பிள்ளை, கொம்மாவுக்குத் தையல் போடேக்க கேப்பம்.” சொந்தக்காரர் வீடுகளிலும் இப்போது அதுதான் பழமொழி. முன்பின் என்னைப் பார்த்தே இராத பிள்ளைகள்கூட என்னைக் கண்டதும் முதலில் என் புருவத்தைத்தான் பார்க்கிறார்கள்.

சுபா ஜோக்ரபியிலேயே பட்டம் வாங்கி வேலைக்குப் போனபின், ஒருநாள் எனக்குக் கடைவாய்ப்பல் பிடுங்க அவள்தான் கூட்டிக்கொண்டு போனாள். என்ன இவ்வளவு அக்கறை என்று நான் யோசித்திருக்கவேண்டும். கதிரையில் சாய்த்து, வாயைப் பிளந்து, பஞ்சும் குழாயும் வைத்தபின் அவள் என் காதருகே குனிந்தாள். “அம்மா, எனக்கு ஒரு பெடியனை விருப்பம். எங்கட ஆக்கள்தான், ஆனால் டொக்டர் இல்லை. வேண்டாம் எண்டால் இப்ப சொல்லுங்கோ.” அந்த நேரம் பார்த்துப் பல் வைத்தியர், எல்லாம் சரிதானே என்று என்னைக் கேட்டார். நான் அவருக்குத்தான் தலையாட்டினேன். கலியாண வீட்டில் மைக்கைப் பிடித்து, அம்மா உடனேயே சம்மதித்துவிட்டா என்று சபைக்குச் சொன்னாள் என் மகள்.