எலுமிச்சை இலையில் கறை

நிபுணர் காலையில் பால்கனிக் கதவைத் திறந்ததுமே அதைப் பார்த்துவிட்டார். எலுமிச்சைச் செடி, மூன்றாவது கிளை, நடு இலை. பழுப்பில் கொஞ்சம் வெள்ளை, மேலே ஈரப் பளபளப்பு. பறவை எச்சம்.

"வந்துட்டியா?" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

டிரைகிளீனிங் கடைப் பலகையில் தன் பெயருக்குப் பதிலாக 'கறை நிபுணர்' என்றே எழுதி வைத்திருந்த மனிதர் அவர். முப்பது வருஷமாகக் கறைகளோடு மல்லுக்கு நிற்பவர். மையா, கிரீஸா, ரத்தமா என்று எட்ட நின்றே சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர் வீட்டிலேயே கறை என்றால் வயிறு எரியாதா?

செடி அவருடையதல்ல, மனைவியுடையது. பட்டாம்பூச்சி வரவேண்டும் என்று ஆசைப்பட்டு வாங்கி வைத்திருந்தாள். தங்கையின் பிரசவத்துக்குத் துணையாக ஒரு மாதம் ஊருக்குப் போனபோது, விரலை ஆட்டிச் சொல்லிவிட்டுத்தான் படியிறங்கினாள்.

"தண்ணி மட்டும் ஊத்துங்க. மத்ததெல்லாம் தானா நடக்கும். நான் திரும்பி வரும்போது இந்தப் பால்கனில பட்டாம்பூச்சி பறக்கணும்."

வேறு சமயமாக இருந்தால் தலையை ஆட்டிவிட்டு மறந்திருப்பார். ஆனால் போன வருஷம், அவள் அம்மா கொடுத்த கம்பளிச் சால்வையை, "நான் வெளுத்துத் தர்றேன்" என்று வாங்கிப் போய்க் கைக்குட்டை அளவுக்குச் சுருக்கிக் கொடுத்த புண்ணியவான் அவர்தான். இரண்டு மாதம் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. அதன்பிறகு பேசினாள். ஆனால் எதையும் நம்பி அவர் கையில் கொடுக்கவில்லை. இந்தச் செடிதான் முதல். இதையும் கோட்டைவிட்டால் ஆயுசுக்கும் அவ்வளவுதான்.

அழுக்கு இலையில் எந்தப் பட்டாம்பூச்சி வந்து உட்காரும்? பட்டுத் துணிக்கென்று வைத்திருந்த மெல்லிய பிரஷ்ஷைக் கொண்டுவந்தார். இலைக்கு நோகாமல் எச்சத்தை வழித்தெடுத்தார். எங்கே போடுவது? கம்பிக்கு வெளியே எட்டிப் பார்த்தார். கீழ்வீட்டு டீச்சரின் பால்கனியில் ஏதோ செடி தழைத்து நின்றது. எருவாகப் போகட்டும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லி, குனிந்து உதறிவிட்டார்.

மறுநாள் நான்கு. அதற்கடுத்த நாள் ஏழு.

நிபுணர் மாடியேறிப் போனார். மேல்வீட்டில் கடிகாரம் பழுதுபார்ப்பவர். தினமும் புறாக்களுக்குத் தீனி வைப்பவர்.

"உங்க புறா என் செடியைக் கக்கூஸாக்கிடுச்சு!"

கடிகாரக்காரர் இறங்கி வந்து, மூக்குக் கண்ணாடியை உயர்த்தி இலையைப் பார்த்தார். "இதுவா? நகக்கண் அளவுகூட இல்ல. என் புறா போட்டா இலையே மறைஞ்சிடும்."

"கறையைப் பத்தி எனக்கே பாடம் எடுக்கறீங்களா?"

"புறாவைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

பேச்சு தடித்தது. அன்று மாலையே கடிகாரக்காரர் தீனித் தட்டை மொட்டைமாடியிலிருந்து எடுத்து, நிபுணரின் பால்கனிக்கு நேர் மேலே தொங்கவிட்டார். புறா எச்சம் என்றால் என்ன என்று அதன்பிறகுதான் தெரிந்தது. பால்கனித் தரையைத் தினமும் மூன்று முறை கழுவினார்.

வேறு வழியில்லாமல் வலை வாங்கிச் செடியைச் சுற்றிக் கட்டினார். புறா விஷயம் தீர்ந்தது. காலையில் பார்த்தால், வலைக்குள்ளே அதே சின்ன எச்சம், ஐந்து!

நிபுணருக்குத் தலை சுற்றியது. கடையில் துணிகளுக்குக் கட்டும் நம்பர் துண்டுகளைக் கொண்டுவந்து இலைக்கு ஒன்றாகக் கட்டினார். குற்றவாளி எந்த வழியாக வருகிறான் என்று கண்டுபிடிக்கத்தான். காலையில் ஏழாம் நம்பரில் இருந்த எச்சம் சாயங்காலம் ஒன்பதாம் நம்பரில் இருந்தது. ஏழு சுத்தம். ஆனால் ஏழின் ஓரத்தில் பாதி இலையைக் காணோம்.

"சாப்பிடற இடத்துலேயே! வெட்கங்கெட்ட ஜென்மம்" என்று முணுமுணுத்துக்கொண்டே ஒன்பதை வழித்துக் கீழே உதறினார். வலைக்கு மேல் இன்னொரு வலை கட்டினார்.

நிமிர்ந்தபோது கீழ்ப் பால்கனியிலிருந்து டீச்சர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். இவர் கையில் பிரஷ், முகத்தில் அசடு. நிபுணர் அப்படியே பின்வாங்கி உள்ளே போய்விட்டார்.

மறுநாள் மாடிப்படியில் டீச்சர் மறித்தார். "சார், ஒரு நிமிஷம். தினமும் காலைல நீங்க எங்க பால்கனில..."

"கடைக்கு நேரமாச்சு டீச்சர்!"

அதிலிருந்து பின்பக்கப் படி வழியாகத்தான் போக்குவரத்து. ஒருநாள் டீச்சர் கடைக்கே வந்துவிட்டார். இஸ்திரி போடுபவர் பெரிய மனசோடு, "முதலாளி வெளிய போயிருக்காரு" என்றார். நிபுணர் தொங்கும் கோட்டுகளுக்கு நடுவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இரட்டை வலைக்குப் பிறகு நான்கே நாளில் எச்சம் அடியோடு நின்றது. ஜெயித்தாகிவிட்டது! ஒரே ஒரு குறை. கறுப்பும் மஞ்சளுமாக ஒரு பட்டாம்பூச்சி வந்து வலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தது. வலையைப் பிரித்தால் பறவை வரும். பிரிக்காவிட்டால் பட்டாம்பூச்சி வராது. பிரிப்பதும் கட்டுவதுமாக ஒரு வாரம் போயிற்று. அதற்குள் மனைவியும் வந்துவிட்டாள்.

கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. நேரே பால்கனிக்குப் போனாள். இரண்டு வலை. நம்பர் கட்டிய இலைகள். துடைத்து வைத்த கண்ணாடியாக மின்னும் செடி.

"என்னங்க இது? செடியா, உங்க கடையா?"

"ஒரு பொட்டு அழுக்கு காட்டு பாப்போம்."

"பட்டாம்பூச்சி எங்கே?"

"வந்து... பறவைத் தொல்லை..."

"ஒண்ணாவது?"

நிபுணர் அவசர அவசரமாக வலையின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார்.

"தண்ணி மட்டும் ஊத்துங்கன்னுதானே சொன்னேன்!" என்றாள் அவள். கைப்பையோடு உள்ளே திரும்பினாள். சால்வை விஷயத்திலும் இப்படித்தான் ஆரம்பித்தது.

அழைப்பு மணி அடித்தது. வாசலில் கீழ்வீட்டு டீச்சர். பின்பக்கப் படிக்கு ஓட இனி நேரமில்லை. நிபுணர் இரண்டு கையையும் கூப்பிவிட்டார்.

"தப்புதான் டீச்சர்! எச்சத்தையெல்லாம் உங்க செடி மேல தள்ளிவிட்டது என் தப்புதான். மன்னிச்சிடுங்க!"

டீச்சர் அவரைப் பார்த்தார், அவர் மனைவியைப் பார்த்தார், பிறகு சிரித்துவிட்டார்.

"எச்சமா? குஞ்சாயிருக்கறப்ப பட்டாம்பூச்சிப் புழு பாக்க அப்படித்தான் சார் இருக்கும்! நீங்க பிரஷ்ல பூப்போல எடுத்து எங்க எலுமிச்சைல விட்டது அத்தனையும் இறக்கை முளைச்சுப் பறக்குது, நன்றி சொல்லலாம்னு வந்தா ஓடி ஓடி ஒளியறீங்களே!"