நாலு சென்டிமீட்டர் கூரைக்குக் கீழே விருந்துக்கு வராதீர்கள்

மெக்சிகோ நகரம்,
1956 ஏப்ரல் 27

என் தங்கச்சியைக் கட்டிக்கொண்டும் புவெப்லாவில் இன்னும் தெம்பாக இருக்கிற மாப்பிள்ளை ஃபாபியானுக்கு, கொத்தனார் மேஸ்திரி நிக்கானோர் எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். இன்னும் ஆறு நாளைக்கு நலம். அப்புறம் நிச்சயமில்லை.

மே மூன்றாம் தேதி எங்கள் கொத்தனார் திருநாளுக்கு, நாங்கள் கட்டிய கூரை உச்சியில் பூ சுற்றிய சிலுவை நட்டு அதன் கீழேயே குடும்பத்தோடு சாப்பிடுவோம், நீங்களும் வாருங்கள் என்று சொல்லியிருந்தேன் இல்லையா, வராதீர்கள். அன்று காலையில்தான் சந்தைக் கூரையைத் தாங்கும் முட்டுகளைப் பிரிக்கிறோம், பிரிக்கும்போது மேஸ்திரி நட்டநடுவில் நிற்பது வழக்கம், மேஸ்திரி நான். கவிழ்த்த கிண்ணம் மாதிரிக் கூரை, நாற்பது தப்படி அகலம், நடுவில் ஒரு தூண் கிடையாது, கனமோ நாலே சென்டிமீட்டர். மிச்ச சிமெண்டை எஞ்சினியர் உகார்த்தே எங்கே கடத்துகிறார் என்று எனக்குச் சந்தேகம்.

"எஞ்சினியர் ஐயா, என் பொண்டாட்டி சுடுற சோள ரொட்டி இதவிட தடிமனா இருக்குமே?" என்று கேட்டேன்.

"வளைவுல பாரமெல்லாம் ஓட்டோடவே வழுக்கிக் கீழ இறங்கிடும் நிக்கானோர். சதுர சென்டிமீட்டருக்கு மூணு கிலோ அழுத்தம்தான். கான்கிரீட்டுக்கு அது கொசுக்கடி."

"எட்டு சென்டிமீட்டர் போட்டா?"

பென்சில் ஓடியது. "மூணு கிலோ."

"பதினாறு போட்டா?"

"அப்பவும் மூணுதான்."

மாட்டினார்! எதைக் கேட்டாலும் ஒரே விடை சொல்கிறவர் கணக்கா போடுகிறார்? மனப்பாடம் ஒப்பிக்கிறார். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன்தான், ஆனாலும் கள்ளனைத் தெரியாதா? என் ஆட்கள் பன்னிரண்டு பேரிடமும் காதோடு காதாகச் சொன்னேன். புறாகூட அந்தக் கூரையில் உட்காருவதில்லை என்றான் தச்சன் ஹெர்மிலோ. சோதித்தே பார்த்துவிடலாம் என்று வீட்டு மண்சட்டியைக் கவிழ்த்து மேலே ஏறி நின்றேன், நொறுங்கியது, இதைவிடச் சாட்சி வேண்டுமா? அதற்கு என் மனைவி தொமித்தீலாவிடம் வாங்கியது தனிக்கதை.

கன்னி மரியாள் உங்களைக் காக்கட்டும். என்னை உகார்த்தேயிடமிருந்து காக்கட்டும்.

இப்படிக்கு,
நிக்கானோர்

பின்குறிப்பு: உறை ஒட்டுமுன் தொமித்தீலா இதைப் படித்துவிட்டாள். "ஒரு கழுத மேல ஒரு மூட்டை. ரெண்டு கழுத மேல ரெண்டு மூட்டை ஏத்துனா ஒரு கழுதைக்கு எத்தன?" என்றாள்.

"ஒண்ணு."

"நாலு கழுத மேல நாலு?"

"ஒண்ணுதான்."

"ஏன்யா, நீயும் மனப்பாடமா ஒப்பிக்கிற? ஓடு தடிச்சா பாரமும் கூடும், தாங்குற இடமும் அதே அளவு கூடும். இது தெரியாம சட்டிய வேற ஒடச்சிட்ட!"

ஆகவே மாப்பிள்ளை, கட்டாயம் வாருங்கள். நான் கிளப்பிவிட்ட சந்தேகத்தில் என் ஆட்கள் பன்னிரண்டு பேரும் கூரைக்கு அடியில் வரமாட்டோம் என்கிறார்கள். அவர்கள் பயம் தெளிய, விருந்தில் நீங்கள் நட்டநடுவில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட வேண்டும். தங்கச்சியையும் மறக்காமல் கூட்டி வாருங்கள். உங்களை மட்டும் உட்காரவைத்தால், மாப்பிள்ளைதானே, போனால் போகட்டும் என்று உட்காரவைத்ததாக என் ஆட்கள் சந்தேகப்படுவார்கள்.