வெயில்ல எவர்சில்வர்

அன்னைக்குத் தெருவுல இருந்தவங்க. என் மச்சான் முனுசாமி. அவருக்குத் தங்கச்சி, என் பொஞ்சாதி கன்னியம்மா. பக்கத்து வீட்டு அஞ்சலை. கோடியில நாற்காலிக் கடை வெச்சிருந்த செட்டியார். அப்புறம் நான். அஞ்சு பேர்ல அறிவு கம்மி எனக்குத்தான். அது மத்தியானம்தான் தெரிஞ்சுது.

சுரங்கத்துல பாறைக்கு வெச்ச மருந்து முந்தி வெடிச்சு மச்சானுக்கு ரெண்டு கண்ணும் போச்சு. ஆஸ்பத்திரியில நாற்காலிக்குப் பிரம்பு பின்னக் கத்துக்கினாரு. செட்டியார் கிட்ட வேலை கேட்டேன்.

"வேலை கீது. ஆனா தானா வந்து தானா போவணும். நீ ஷிப்ட்டுக்குப் போய்ட்டா யாருய்யா கூட்டியாறது? கடைய மூடிட்டு நானா?"

கடைக்கும் எங்க கம்பெனி லைன் வீட்டுக்கும் நடுவுல ஒரு வளைவு. ஓரமாவே சாக்கடை. தடி எடுக்க மாட்டேன்னுட்டாரு மச்சான். "தடி பிடிச்சா எவனாவது காசு போடுவான்."

நான் யோசிச்சேன். (அதான் தப்பு.) வழி நெடுக, கால் எட்டி வெக்கற ஒரு எட்டுக்கு ஒண்ணா, குமிழ் மாதிரி ஏதாவது பதிச்சிட்டா வெறுங்கால் தடவிக்கினே போயிடலாம். எதைப் பதிக்கறது?

மச்சானை உக்கார வெச்சு ஒவ்வொண்ணா காலடியில வெச்சேன். செங்கல் துண்டு. "வண்டி ஏறினா பொடி." இரும்பு நட்டு. "துருப்பிடிச்சு காலைக் கிழிக்கும்." மரக்கட்டை. "மழைக்கு ஊறிடும்." பித்தளை. "காலையில இருக்காது மாப்ள."

கன்னியம்மா உள்ள போனா. பாத்திரச் சீட்டு கட்டி எடுத்த எவர்சில்வர் கிண்ணமெல்லாம் கொண்டாந்தா. அவ ஒரு விருந்துக்குக்கூட அதுல ஊத்தினதில்ல. அடுக்கி வெச்சுப் பாத்துக்கினே இருப்பா.

"இது துருவும் பிடிக்காது, தேயவும் தேயாது. எங்கண்ணனுக்குத்தானே."

"களவு போவுமே?"

"உள்ள சிமெண்ட் ரொப்பு. எவன் எடுப்பான்?"

மச்சான் பாதத்தை வெச்சுப் பாத்தாரு. "சில்லுன்னு கீது. இதான்."

ரொப்பினேன். கவுத்துப் பதிச்சேன். காய விட்டேன். சித்திரை மாசம்.

காலையில மச்சான் நடந்தாரு. கை வீசிக்கினு, ஒருத்தர் துணையில்லாம, கடை வரைக்கும். கன்னியம்மா முந்தானையால வாயை மூடிக்கினா. செட்டியார் ஒரு நாற்காலியைத் தூக்கிக் கொடுத்து, "உக்காருய்யா" ன்னாரு. எனக்கு நெஞ்சு நிமிந்துது. லைன்ல எதிர்ல வந்தவங்களுக்கெல்லாம் வெளக்கம் சொன்னேன்.

மத்தியானம் சோத்துக்குத் திரும்பி வந்தாரு.

முதல் கிண்ணத்துல கால் வெச்சாரு. குதிச்சாரு. ரெண்டாவதுல மறு கால். அதையும் தூக்கினாரு. பக்கத்துல இறங்கினா சாக்கடை. கிண்ணத்து மேல ஏறினா, வெயில்ல காஞ்சு அடுப்பு. பாவம், வழி தப்பாம ஒவ்வொரு கிண்ணமா மிதிச்சுக்கினு ஓடி வராரு. பசியில ஓடறாருன்னு நெனச்சேன்.

"நேரா வாங்க மச்சான்! அப்படித்தான்! விடாதீங்க!" ன்னு கத்தினேன்.

அஞ்சலை வெளிய வந்தா. எங்க சனமெல்லாம் வேலூர்ப் பக்கம். திரௌபதி அம்மன் தீமிதி பாத்து வளந்தது. வெறுங்காலோட ஒரு மனுசன், கண்ணை மூடிக்கினு, பளபளன்னு ஒரு வரிசை மேல ஓடி வராரு. அவ கையைத் தூக்கிட்டா.

"கோவிந்தா!"

ரெண்டு பக்க வீடும் எழுந்து வந்துது. "கோவிந்தா! கோவிந்தா!" ஒருத்தி மஞ்சத் தண்ணி கொண்டாந்து கடைசிக் கிண்ணத்துக்கிட்ட ஊத்தினா. அதுல வழுக்கி மச்சான் என் மேல வந்து விழுந்தாரு.

மூச்சு வாங்கிச்சு அவருக்கு. "இன்னா மாப்ள," ன்னாரு. "வேண்டுதல் எனக்கா, உனக்கா?"

கன்னியம்மா அவர் பாதத்தைப் பாத்தா. கொப்புளம் கொப்புளமா. அப்புறம் என்னைப் பாத்தா. அதுக்குக் கொப்புளமே தேவலாம்.

புண்ணு ஆறறதுக்குள்ள செட்டியார் வேற ஆள் வெச்சிட்டாரு. அவரைக் குத்தம் சொல்ல முடியாது. கடப்பாரை போட்டுக் கிண்ணத்தைப் பேத்தேன். ஒண்ணுல இருந்தும் சிமெண்ட் பேந்து வரல.

இன்னைக்கும் எங்க வீட்ல ரசம் சுட்டா புள்ளைங்க "கோவிந்தா" ம்பாங்க. முதல்ல சிரிச்சது மச்சான்தான். ஆனா அதுக்கப்புறம் அவரு தனியா தெருவுல கால் வெக்கல. டீக்கடைக்கும் சரி, கோயிலுக்கும் சரி, என் தோள்ல கை வெச்சுக்கினுதான் வருவாரு. ஷிப்ட் முடிஞ்சு நான் வர வரைக்கும் வாசல்லயே உக்காந்திருப்பாரு. அவரு சாவற வரைக்கும் அப்படித்தான்.

பதினோரு வருஷம்.